மஞ்சளாய்த் தெரிந்த மானிட்டர்

“பாப்பா, நம்ம கம்ப்யூட்டருக்குக் காமாலை வந்துடுச்சு. வெள்ளையா இருக்க வேண்டியதெல்லாம் மஞ்சளா தெரியுது. அடுத்த தடவை வர்றப்ப புதுசா ஒரு மானிட்டர் வாங்கிட்டு வந்துடு.”

அப்பா போனில் இப்படிச் சொன்னதும் சிரித்துவிட்டேன். பிறகு அம்மா போனை வாங்கி, அடுத்த அறைக்குப் போய் மெதுவாகச் சொன்னாள். “சூளைக்கார மாமா வேலைக்கு வந்து பத்து நாளாச்சுடி. உங்கப்பாவுக்கும் அவருக்கும் பெரிய சண்டை.” என் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

எங்கள் ஊர் விருத்தாசலம். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அதோடு பீங்கானும் சேரும். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழிலுக்கென்றே டிப்ளமோ சொல்லித்தரும் அரசு நிறுவனம் இருக்கிறது. ஃபியூஸ் கேரியரில் ஆரம்பித்து அகல் விளக்கு, பொம்மை வரை செய்கிற சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. அப்பாவுடையதும் அப்படி ஒன்றுதான். டீ கப், ஊறுகாய் ஜாடி இரண்டும்தான் முக்கியச் சரக்கு. எல்லாமே வெள்ளை.

சூளையைப் பார்த்துக்கொள்வது மாமா. சொந்தத்தில் மாமா இல்லை. 22 வருடமாக எங்கள் பட்டறையிலேயே இருப்பதால் எனக்கு மாமா, அப்பாவுக்கு மச்சான். இறக்கிய சரக்கைத் தரம் பிரிப்பது அப்பாவின் வேலை. ஒவ்வொரு கப்பையும் விரலால் சுண்டுவார். ‘டிங்’ என்று கேட்டால் நல்லது. ‘டொக்’ என்றால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். அடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பி நிறம் பார்ப்பார். லேசாகப் பழுப்படித்தாலும் தனியாக ஒதுக்கிவிடுவார். “வெள்ளைன்னா வெள்ளையா இருக்கணும். வாங்குறவன் காசு அதுக்குத்தான் குடுக்கிறான்” என்பது அவர் கொள்கை.

பீங்கான் பழுப்படிக்கக் காரணங்கள் உண்டு. மண்ணில் இரும்பின் அளவு கொஞ்சம் கூடினாலும் வெந்தபின் நிறம் மங்கும். சூளைக்குள் நெருப்புக்குக் கிடைக்கும் காற்று கூடிக் குறைந்தாலும் நிறம் மாறும். ஆகவே சரக்கு பழுப்பு என்று அப்பா சொன்னால், குற்றம் ஒன்று மண்மேல் விழும், இல்லாவிட்டால் சூளைமேல் விழும். மண் வழக்கமாக வருகிற அதே மண். மிச்சம் இருந்தது மாமாதான்.

ஆறு மாதமாகவே அப்பா ஒதுக்கும் சரக்கு கூடிக்கொண்டே போயிருக்கிறது. பட்டறை மூலையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார். “எல்லாம் நல்லாத்தானே மச்சான் இருக்கு?” என்று மாமா கேட்டிருக்கிறார். அப்பா அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கம்ப்யூட்டர் முன் நிறுத்தி, வியாபாரிகளுக்கு அனுப்ப எடுத்த கப் படங்களைத் திறந்து காட்டியிருக்கிறார். “என்னை நம்ப வேணாம். மெஷின் பொய் சொல்லுமா? பாரு, மஞ்சளா இருக்கா இல்லியா? உனக்குக் கண்ணு போச்சா?”

திரையில் கப் மஞ்சளாகத்தான் இருந்தது. மாமாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் பில் போடுகிற வெள்ளைப் பக்கமும் மஞ்சளாக இருப்பதை அப்பா கவனித்திருக்கிறார். மானிட்டரில்தான் கோளாறு என்பது அப்போது அவருக்கே புரிந்துவிட்டது. அப்படியும் மாமாவைக் கூப்பிடவில்லை. “மானிட்டர் கெட்டா என்ன? என் கண்ணு கெடலியே!” என்றாராம்.

அந்த வார சனிக்கிழமை ஊருக்குப் போனேன். புது மானிட்டர் வாங்கிப் போகவில்லை. முதலில் பழையதைப் பார்ப்போமே என்று நினைத்தேன்.

சென்னையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலை எனக்கு. அந்தத் தைரியத்தில் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். ராத்திரியில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ என்ற வசதி விண்டோஸில் உண்டு. அது அணைந்தேதான் இருந்தது. மானிட்டரின் நிற அமைப்பு ‘வார்ம்’ என்று மாறிக் கிடக்கிறதா பார்த்தேன். இல்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன். மஞ்சள் இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

கடைசியில் ஜங்ஷன் ரோட்டில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பியை வரச் சொன்னோம். அவர் பையைக்கூடத் திறக்கவில்லை. மானிட்டரின் கீழ்விளிம்பில் இருந்த மெனு பட்டனை அழுத்தினார். திரை நடுவே சின்னதாக ஒரு கட்டம் வந்தது.

“அக்கா, இந்த எழுத்து என்ன நிறம்?”

“வெள்ளை.”

“பின்னாடி இருக்கிற படம்?”

“மஞ்சள்.”

“அப்ப மானிட்டர்மேல தப்பு இல்லக்கா. இந்த மெனுவை மானிட்டர் தானே போட்டுக்குது. படம் கம்ப்யூட்டர்லேர்ந்து கேபிள் வழியா வருது. மானிட்டர் தானா வரையறது சுத்தமா இருக்கு. வெளியிலேர்ந்து வர்றதுதான் கெட்டிருக்கு.”

அப்புறம் கேபிளைப் பிடுங்கினார். ‘சிக்னல் இல்லை’ என்று திரையில் மிதந்த பெட்டியின் வண்ணங்களும் சரியாக இருந்தன. கேபிள் முனையைத் திருப்பி எங்களிடம் காட்டினார். வி.ஜி.ஏ. என்று சொல்கிறோமே, நீல நிறத்தில் இரண்டு பக்கமும் திருகு வைத்த அந்தப் பிளக். 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. அதில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. முதல் ஊசி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் திரையில் வெள்ளை தெரியும். எங்கள் கேபிளில் திருகு போடாமல் செருகியிருந்ததால் பிளக் ஆடி ஆடி, மூன்றாவது ஊசி உள்ளே போய்விட்டது. நீலம் வரவில்லை. சிவப்பும் பச்சையும் மட்டும் சேர்ந்தால் என்ன நிறம்? மஞ்சள்.

“சில கேபிள்ல ஒன்பதாவது ஊசியே இருக்காதுக்கா. அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க, அது தப்பு இல்ல” என்றும் சொல்லி வைத்தார்.

மானிட்டர் கெட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று விசாரித்தேன். திரை கறுப்பாகி, விளக்கு மட்டும் எரிந்தால் அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்ப்பாராம். மங்கலாகப் படம் தெரிந்தால், பின்னால் எரிகிற வெளிச்சம்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். மானிட்டர் ஆன் ஆகாமலே இருந்தால் உள்ளே மின்சாரப் பலகையில் கப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா பார்ப்பாராம். “ஆனா நீங்க திறக்காதீங்க. அதுவும் அந்தக் காலத்து டப்பா மானிட்டர்னா கிட்டயே போகாதீங்க. உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.”

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வரவில்லை. பையிலிருந்து வேறு கேபிள் எடுத்து மாட்டினார். “எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி, நல்லா இருக்குன்னு தெரிஞ்ச ஒண்ணை மாட்டிப் பார்த்துடணும்க்கா. தொழிலே அவ்வளவுதான்.”

பில் பக்கம் பால் மாதிரி வெள்ளையாக நின்றது. கேபிளுக்கு மட்டும் காசு வாங்கினார். அம்மா, “அப்பாடா, நல்லா தெரியுது!” என்றாள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். “கொஞ்சம் தேவலாம். ஆனா மஞ்சள் முழுசா போகலியே தம்பி?”

மெக்கானிக் தம்பி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவும் தூங்கவில்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்று மாதமாக அப்பா ராத்திரியில் வண்டி எடுப்பதில்லை. எதிரே வருகிற வண்டியின் லைட் பூப்பூவாக விரிகிறது என்கிறார். கருநீல பேண்ட்டைக் கறுப்பு என்று சாதிக்கிறார். வீட்டில் டியூப்லைட் மங்கிவிட்டது என்று இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. “வயசாச்சுல்லனு விட்டுட்டேன்டி” என்றாள்.

எங்கள் ஊரோடு சேர்ந்த ஒரு பழமொழி உண்டு: ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது.’ பழமலைநாதர் சுந்தரருக்கு 12,000 பொன் கொடுத்தார். அதை எங்கள் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கதையிலிருந்து வந்தது இது என்று சொல்வார்கள். சுந்தரருக்குக் கிடைத்துவிட்டது, அது சாமி காரியம். நாமெல்லாம் ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடினால் கிடைக்குமா? கோளாறு ஓரிடத்தில் இருக்க, ஆறு மாதமாக அப்பா சூளைக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

அதே கதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பொன்னை ஆற்றில் விடும் முன் சுந்தரர் அதில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு வைத்துக்கொண்டார். மச்சம் என்பார்கள். மறுபடி கைக்கு வரும் பொன் அதே தரமா என்று ஒப்பிட்டுப் பார்க்க. சாமி கொடுத்த பொன்னுக்கே சாம்பிள் வைத்துக்கொண்டவர் அவர். மெக்கானிக் தம்பி சொன்னதும் அதுதானே! நல்லது என்று தெரிந்த ஒன்றை வைத்துப் பார்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சாம்பிள் இருந்தது. பட்டறை ஆரம்பித்தபோது முதல் சூளையில் வெந்த கப் ஒன்றை அப்பா சாமி அலமாரியில் வைத்திருந்தார். ‘இந்த வெள்ளைதான் நம்ம வெள்ளை’ என்று எல்லோரிடமும் சொல்வார். ஆனால், தரம் பிரிக்க அதை ஒருநாளும் எடுத்தது கிடையாது. அவருக்கு நிறம் மனப்பாடம்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும், ஒதுக்கி வைத்த பெட்டி ஒன்றிலிருந்து நாலு கப் எடுத்து வந்து திண்ணையில் வைத்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன்.

“இதுங்க எப்படிப்பா இருக்கு?”

“பார்த்தாலே தெரியலையா? பழுப்பு.”

சாமி அலமாரியிலிருந்து முதல் கப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். “இது?”

அப்பா குனிந்து பார்த்தார். கையில் எடுத்துத் திருப்பினார். விரலால் சுண்டினார். ‘டிங்’ என்றது.

“இது எப்ப மஞ்சளாச்சு?” என்றார்.

கேட்டு முடித்ததும் அவரே நிறுத்திக்கொண்டார். நன்றாக வெந்து கிளேஸ் ஏறிய பீங்கான் அலமாரியில் இருந்தபடியே மஞ்சளாகாது. நூறு வருஷம் ஆனாலும் ஆகாது. அதை நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

கப்பைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “மானிட்டர் மட்டும் சரியா இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்” என்றார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கண் ஒரு பொய் சொன்னது. அதே நேரத்தில் ஒரு கேபிள் அதே பொய்யைச் சொன்னது. இரண்டு பேர் ஒரே சாட்சி சொன்னால் உண்மை என்றுதானே யாருமே நினைப்போம்!

புதுச்சேரியில் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் விளக்கியபோது, மெக்கானிக் தம்பியே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகக் கலங்கி, மஞ்சளும் பழுப்புமாக மாறுகிறது. உள்ளே வரும் வெளிச்சத்தில் நீலத்தை அது தடுத்துவிடுகிறது. நீலம் போனால் வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். எங்கள் கேபிளில் மூன்றாவது ஊசி செய்த அதே வேலை! மாற்றம் ஒரே நாளில் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் நோயாளிக்குத் தெரிவதில்லை. தன் கண் மாறியது தெரியாமல், உலகம் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

ஓவியர் குளோட் மொனேக்கே இது நடந்திருக்கிறது. பிரான்ஸில் தன் தோட்டத்துக் குளத்தின் அல்லிப் பூக்களை வரைந்து வரைந்து உலகப் புகழ் பெற்றவர். 1912-ல் அவருக்குப் புரை என்று சொன்னார்கள். அறுவைக்குப் பயந்து 1923 வரை தள்ளிப்போட்டார். அந்த வருடங்களில் வரைந்த பல படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறிக் கிடக்கின்றன. நிறத்தையே தொழிலாகக் கொண்டவருக்கே அந்த நிலை என்றால், எங்கள் அப்பா எம்மாத்திரம்?

நல்லவேளை, நாம் மொனே காலத்தில் இல்லை. அதுவும் தமிழ்நாட்டில் இருக்கிறோம். டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள். கெட்ட லென்ஸைக் கழற்றி நல்ல லென்ஸ் வைப்பது இன்று சாதாரணக் குடும்பத்துக்கும் முடிகிற காரியமாகிவிட்டது.

அப்பாவுக்கு முதலில் வலது கண்ணில் செய்தார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “இந்தச் சுவத்துக்கு எப்ப நீல பெயின்ட் அடிச்சாங்க?” அது வெள்ளைச் சுவர்.

வீட்டுக்கு வந்தபின் அவருக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்ப்பார். பிறகு வலதை மூடி இடதால் பார்ப்பார். “இதுல பால். அதுல டீ” என்பார். முதல் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்ததை அம்மா சிரித்துக்கொண்டே எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள். கடைசியில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். சொட்டு மருந்து போட்டிருந்தார்கள், அதனால்கூட இருக்கலாம்.

கொஞ்சம் தேறியதும், ஒதுக்கி வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் பிரித்து மறுபடி தரம் பார்த்தார். இந்த முறை முதல் கப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. 24 பெட்டியில் மூன்று பெட்டி மட்டும் நிஜமாகவே பழுப்பு. மிச்சம் 21 பெட்டியும் நல்ல சரக்கு.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் மாமா வீட்டுக்குப் போனோம். கறுப்புக் கண்ணாடியோடு அப்பாவைப் பார்த்ததும் மாமா பதறி எழுந்து வந்தார். “என்னா மச்சான் இது? கண்ணுக்கு என்னா?”

“உன்னைக் கேட்டேனே, கண்ணு போச்சான்னு. போனது எனக்குத்தான்.”

மாமா ஒன்றும் பேசாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அத்தை காபி கொண்டுவந்தாள். அவள் முகத்தில் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. “கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடுங்கன்னு இவருகிட்ட எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா?” என்றாள்.

ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிற முருகன் கொளஞ்சியப்பர். நியாயம் கிடைக்காதவர்கள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதி அங்கே வேலில் கட்டிவிட்டு வருவார்கள். அந்தப் பிராதுக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் பயப்படுவோம். அப்பாவின் கை காபி டம்ளரோடு நின்றது.

“கட்டிட்டியா மச்சான்?”

மாமா சட்டைப் பையைத் தடவினார். மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்த ஒரு தாளை எடுத்தார். “எழுத உட்கார்ந்தேன். உன் பேரு, ஊரு எல்லாம் எழுதிட்டேன். என்ன குத்தம்னு எழுதறதுன்னுதான் தெரியல. சரக்கு எனக்கு வெள்ளையா தெரியுது. அந்தப் பெட்டில மஞ்சளா தெரிஞ்சதையும் என் கண்ணாலதானே பார்த்தேன். யாரு பொய் சொல்றாங்கன்னே விளங்கல. விளங்காம சாமிகிட்ட எப்படிக் குடுக்கிறது?”

அப்பா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாமாவே சொன்னார். “ஆனா ஒரு சூளை நான்தான் கெடுத்துட்டேன் மச்சான். அன்னைக்கு அசந்துட்டேன்.”

“தெரியும். மூணு பெட்டி.”

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை சென்னைக்குக் கிளம்பும்போது பட்டறைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். மாமா சூளைக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா தரம் பிரிக்கும் மேஜையில் அந்த முதல் கப் இருந்தது. இனி அது சாமி அலமாரிக்குப் போகாதாம். கம்ப்யூட்டர் பக்கம் போய்ப் பார்த்தேன். மானிட்டர் பின்னால் கேபிளின் இரண்டு திருகையும் யாரோ நன்றாக முறுக்கி வைத்திருந்தார்கள்.